பறவையும் அதன் இளமையும்: கூர்ப்பியல் நோக்கில் சில சிந்தனைகள்

பறவை என்னும் சொல்லே பறத்தலை அடியாகக் கொண்டு பிறந்தது. ஆதலின் பறவையின் உடலமைப்பை ஆராயப் புகுந்தோரும் நெடுங்காலமாகப் பறத்தலையே அவ்வமைப்பின் தலையாய காரணமாகக் கண்டனர். உள்ளீடற்ற எலும்புகள், பறத்தற்றசைகள் பற்றுதற்கு இடமளிக்கும் மார்பெலும்பு, பல்லற்ற இலேசான அலகு ஆகியன யாவும் வானிற் செலவுக்கு ஏற்றனவாக விளக்கப்பட்டன. எஞ்சிய வேறுபாடுகளுக்கு உணவும் வாழிடமும் காரணங்களாகக் காட்டப்பட்டன. கொத்தியுண்பதற்கு ஓர் அலகு, கிழித்துண்பதற்கு ஓர் அலகு, சேற்றில் நடப்பதற்கு ஒரு கால், கிளையைப் பற்றுவதற்கு ஒரு கால் என்றவாறு பாடநூல்கள் அவற்றை நிரல்படுத்தின.

இவ்விளக்கங்கள் பிழையானவையல்ல. ஆயினும் இவை அனைத்தும் வளர்ந்த பறவையை மாத்திரமே நோக்கி எழுந்தவை. வளர்ந்த பறவை ஒவ்வொன்றும் ஒருகாலத்திற் குஞ்சாக இருந்தது. குஞ்சுப் பருவத்திலே மடிந்த எதுவும் தன் சந்ததியை உலகுக்கு விட்டுச் சென்றதில்லை. எனவே பறவையின் உடல் பறப்பதற்கும் உண்பதற்கும் மட்டுமன்றி, முட்டையிலிருந்து வெளிவந்து, உணவு பெற்று, உயிர் தப்பி வளர்வதற்கும் ஏற்றதாக அமைந்திருத்தல் வேண்டும். இந்த எளிய உண்மையை முதன்மைப்படுத்தி நோக்கும்போது, பறவைகளின் கால், அலகு, மூளை ஆகியவற்றின் வரலாறு புதியதொரு வெளிச்சம் பெறுகின்றது.

தொல்காப்பியத்தின் மரபியல் உயிர்களின் இளமைப் பெயர்களைத் தொகுத்துக் கூறுமிடத்து, பறப்பனவற்றின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் இரு பெயர்களை உரியனவாக்குகின்றது. இன்றைய வழக்கிலும் கோழிக்குஞ்சு என்கின்றனர், கிளிப்பிள்ளை என்கின்றனர். சொற்கள் இரண்டாயிருப்பது கொண்டு பண்டையோர் விஞ்ஞானப் பாகுபாடு செய்தனர் என்று வாதிடுவது மிகையாகும். எனினும் கோழிக்குஞ்சையும் கிளிப்பிள்ளையையும் பிறந்த முதல் நாளில் அருகருகே வைத்து நோக்குவார்க்கு, அவை இரண்டையும் ஒரு பெயரால் அழைப்பதே வியப்பாகத் தோன்றும்.

கோழிக்குஞ்சு 21 நாள் அடைகாப்பின் பின் ஓட்டை உடைத்து வெளிவருகின்றது. உடல் உலர்ந்த சில மணி நேரத்தில் அது எழுந்து நிற்கின்றது. கண்கள் திறந்திருக்கின்றன, உடல் முழுவதும் மென்தூவி போர்த்திருக்கின்றது. தாய் காலாற் கிளறிக் காட்ட, தானே கொத்தி உண்கின்றது. கோழி மிதித்துக் குஞ்சு முடமாகுமா என்று கேட்கும் பழமொழி, முதல் நாளிலிருந்தே தாயின் காலடியில் ஓடித் திரியும் இத்தகைய குஞ்சைக் கண்டு எழுந்ததே. கிளிப்பிள்ளையோ கண் மூடியதாய், தூவி அரிதாய், தலையைக்கூட நிமிர்த்த வலுவற்றதாய்ப் பிறக்கின்றது. சிட்டுக்குருவியின் குஞ்சும் அவ்வாறே. 2 அல்லது 3 கிராம் நிறையுள்ள செந்நிறத் தசைத் துண்டொன்றுக்கு வாய் மட்டும் அகலத் திறந்திருப்பது போல அது தோற்றமளிக்கும். தன் உடல் வெப்பத்தைத் தானே பேணவும் அதனால் முதற் சில நாட்களில் இயலாது.

ஜேர்மன் மொழியில் முதல் வகையினவற்றைக் கூட்டை விட்டோடுவன என்றும், இரண்டாம் வகையினவற்றைக் கூட்டில் அமர்ந்திருப்பன என்றும் வழங்குவர். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நிலைகளும் பல உள. தூவியோடும் திறந்த கண்ணோடும் பிறந்தும் கூட்டருகே இருந்து பெற்றோரிடம் உணவு பெறும் கடற்காகக் குஞ்சு அத்தகையது. அமெரிக்கப் பறவையியலாளரான மார்கரெட் மோர்ஸ் நைஸ் அம்மையார் 1962இல் வெளியிட்ட ஆய்விலே இந்நிலைகளைப் படிப்படியாக வகுத்துக் காட்டினார். இவ்வரிசையின் ஓர் எல்லையில் அவுஸ்திரேலியாவின் மண்மேட்டுக்கோழி நிற்கின்றது. ஆண்பறவை இலை குழைகளையும் மணலையும் குவித்து மேடு அமைத்து, அதன் வெப்பம் 33 பாகை செல்சியஸ் அளவில் நிற்கும்படி மாதக்கணக்கிற் பாடுபடும். ஆனால் முட்டை பொரித்த பின்னர் அது குஞ்சைத் தேடுவதில்லை. குஞ்சு மணலைத் தோண்டித் தானே வெளியேறி, தன் வழியே ஓடி, ஒரு நாளுக்குள் பறக்கவும் தொடங்கும். அதற்குப் பெற்றோர் முகம் தெரியாது.

இவ்வேறுபாட்டின் வேர் முட்டையிலேயே உளது. கூட்டை விட்டோடும் குஞ்சு தன் வளர்ச்சியின் பெரும்பகுதியை ஓட்டுக்குள்ளேயே முடித்துக்கொள்ள வேண்டும். அதற்கான உணவும் உள்ளேயே இருத்தல் வேண்டும். எனவே அத்தகைய முட்டைகளில் மஞ்சட்கருவின் பங்கு அதிகம். கூட்டில் அமர்ந்திருக்கும் குஞ்சுகளின் முட்டைகளில் மஞ்சட்கரு ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு முதல் நாலிலொரு பங்கு வரை இருக்க, நியூசிலாந்தின் கிவிப் பறவையின் முட்டையில் அது மூன்றிலிரு பங்கை அணுகுகின்றது. அம்முட்டை தாயின் நிறையில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்காகும். பொரிப்பதற்குச் சற்று முன்னர் எஞ்சிய மஞ்சட்கரு குஞ்சின் வயிற்றுக்குள் இழுக்கப்படுகின்றது. ஒருநாட் கோழிக்குஞ்சுகளைப் பெட்டிகளில் அடைத்து உணவும் நீருமின்றித் தூர இடங்களுக்கு அனுப்ப இயல்வது இச்சேமிப்பினாலேயே. சுருங்கக் கூறின், ஒரு வகைப் பறவை தன் குஞ்சுக்குரிய செலவை முட்டையில் முன்கூட்டியே செலுத்தி விடுகின்றது. மற்றையது சிறிய முட்டையை இட்டுவிட்டு, எஞ்சியதை அன்றாடம் அலகினாற் சுமந்து செலுத்துகின்றது.

முதல் வழியே சிறந்ததெனத் தோன்றலாம். பிறந்த அன்றே நடக்கும் குஞ்சு, கண் திறவாக் குஞ்சினும் முன்னேறியதன்றோ? ஆயின் முன்னேற்றத்துக்கு ஒரு விலை உண்டு. சிட்டுக்குருவிக் குஞ்சு ஏறத்தாழ இரண்டு வாரங்களில் வளர்ந்த பறவையின் நிறையை அணுகிக் கூட்டை விட்டு வெளிவருகின்றது. கோழிக்குஞ்சோ முழு வளர்ச்சியடையப் பல மாதங்களாகின்றன. உடற் பருமனிலுள்ள வேறுபாட்டைக் கணக்கில் எடுத்துக்கொண்ட பின்னரும், கூட்டில் அமர்ந்திருக்கும் குஞ்சுகள் மற்றையவற்றினும் சில மடங்கு விரைவாக வளர்வதைக் காணலாம்.

இதற்கான காரணத்தை ஆராய்ந்தோருள் அமெரிக்கரான றொபேட் றிக்ளெப்ஸ் குறிப்பிடத்தக்கவர். 1979இல் அவர் மைனாவின் குடும்பத்தைச் சேர்ந்த ஸ்டார்லிங், கடலோரத்து ஆலா, யப்பானியக் காடை ஆகிய மூன்றின் குஞ்சுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார். இழையம் ஒன்று முதிர்ந்து தொழிற்படத் தொடங்கத் தொடங்க, அது பெருகும் வேகம் குறைகின்றது என்பது அவர் வலியுறுத்திய கருத்தாகும். தசைக்கலம் ஒன்று சுருங்கி விரிந்து உடலை நடத்துமாயின், அதே வேளையிற் பிரிந்து பெருகுவது அதற்கு எளிதன்று. காடைக் குஞ்சின் காற்றசை முதல் நாளிலேயே தொழில் ஏற்றுக்கொண்டது. ஆகவே அது மெல்ல வளர்கின்றது. ஸ்டார்லிங் குஞ்சின் தசைக்கு இப்போதைக்குத் தொழில் இல்லை. ஆகவே அது வளர்வதையே தொழிலாகக் கொள்கின்றது. அதன் உடலில் முதற்கண் பெருப்பது குடலேயாகும். உண்பதும் செரிப்பதும் வளர்வதுமன்றி வேறு கடமை எதுவும் அதற்கு விதிக்கப்படவில்லை. குஞ்சுக்குரிய பிற கடமைகளைப் பெற்றோர் ஏற்றிருப்பதனாலேயே இது சாத்தியமாகின்றது.

இவ்விடத்தில் உடலமைப்புப் பற்றிய வினா எழுகின்றது. குஞ்சு எந்த உறுப்பை எப்போது பயன்படுத்த வேண்டும் என்பது, வளர்ந்த பறவையின் அவ்வுறுப்பு எவ்வாறு அமையலாம் என்பதற்கு எல்லை வகுக்கின்றது. பிறந்த அன்றே ஓட வேண்டிய குஞ்சுக்குக் கால்கள் முதலில் வளர்ந்தாக வேண்டும், சிறகுகள் பின்தங்கலாம். கலிபோர்னியாக் கடற்காகத்தின் குஞ்சுகளை ஆராய்ந்து 1990இல் வெளியான ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டிற்று. அக்குஞ்சின் கால் எலும்புகள் தொடக்கத்திலேயே வலுப்பெற, சிறகெலும்புகளும் மார்புத் தசையும் பறக்கும் பருவம் நெருங்கும் வரை பின்தங்கியே நின்றன. இலங்கையின் குளங்களில் வாழும் நீளவால் இலைக்கோழியின் குஞ்சோ, பிறக்கும்போதே உடலுக்குப் பொருந்தாத நீண்ட விரல்களோடு பிறக்கின்றது. மிதக்கும் இலைகளின் மீது முதல் நாளே நடக்க வேண்டியிருத்தலின் அதற்கு வேறு வழியில்லை.

இதற்கு நேர்மாறான சான்றாக விளங்குவது உழவாரன். வளர்ந்த உழவாரனின் கால்கள் மிகச் சிறியன. செங்குத்தான சுவரைப் பற்றித் தொங்குவதற்கு உதவுவனவேயன்றி நடப்பதற்கு உதவுவனவல்ல. ஐரோப்பாவின் உழவாரன்களில் கருவிகளைப் பொருத்திச் சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழகத்தார் 2016இல் வெளியிட்ட ஆய்வு, அவற்றுட் சில பத்து மாதங்கள் வரை ஏறத்தாழ இடைவிடாது வானிலேயே கழிப்பதை உறுதிப்படுத்திற்று. இத்தகைய வாழ்வுக்குக் கால் ஒரு சுமை. ஆனால் அச்சுமையைக் குறைக்கும் உரிமை எல்லாப் பறவைகளுக்கும் இல்லை. குஞ்சு நடந்தே பிழைக்க வேண்டிய இனமொன்றிற் கால்கள் சிறுத்துப்போதல் இயலாது. உழவாரன் குஞ்சு சுவரின் பிளவில் ஆறு வாரமளவில் அமர்ந்திருக்க, பெற்றோர் பூச்சிகளை உருண்டையாகத் திரட்டி வந்து ஊட்டுவதாலேயே, அவ்வினத்தின் கால்கள் தம் பழைய கடமையிலிருந்து விடுதலை பெற்றன. கூட்டை விட்டுப் புறப்படும் அன்று அக்குஞ்சு நீண்ட சிறகுகளோடு காற்றிற் பாய்கின்றது. அதன்பின் பெற்றோரை அது நாடுவதில்லை.

அலகின் கதையும் இதனையொத்ததே. குளிர்காலத்தில் மன்னார், யாழ்ப்பாணக் கடனீரேரிகளுக்கு வருகை தரும் பூநாரையின் வளைந்த அலகு, சேற்று நீரிலிருந்து நுண்ணுயிர்களை வடித்தெடுக்கும் நுட்பமான கருவியாகும். தலையைக் கவிழ்த்து, நாவை உந்துதண்டு போல இயக்கி நீரை இழுத்து வெளியேற்றும் இக்கருவி ஒரு நாளில் அமையக்கூடியதன்று. பூநாரைக் குஞ்சு பிறக்கும்போது அதன் அலகு நேராகவே உளது. அது வளைந்து வடிகட்டும் ஆற்றல் பெறும் வரை வாரக்கணக்காகத் தாயும் தந்தையும் தம் உணவுக்குழாயிற் சுரக்கும் செந்நிறப் பாலைத் துளித்துளியாக ஊட்டுகின்றன. அப்பால் இல்லையேல் இவ்வலகு உருவாகியிருக்க முடியாது. முதல் நாளிலிருந்தே தானே உண்ண வேண்டிய குஞ்சுகள், பெரும்பாலும் கொத்தியெடுக்கக்கூடிய விதையையும் பூச்சியையும் தளிரையும் நம்பியே வாழ்கின்றன. பறக்கும் பூச்சியைப் பிடித்தல், ஆழ நீரிற் பாய்ந்து மீன் பற்றுதல், மலரின் தேனை உறிஞ்சுதல் முதலிய அருந்தொழில்கள் பெற்றோர் ஊட்டும் இனங்களிடையே மிகுந்து காணப்படுதல் தற்செயலன்று.

இவை அனைத்தினும் ஆழமான விளைவு மூளையிற் காணப்படுகின்றது. சுவிற்சர்லாந்தின் பாசல் நகரில் வாழ்ந்த விலங்கியலறிஞர் அடோல்ப் போர்ட்மன், 1940களில் பறவைகளின் மூளை வளர்ச்சியை ஒப்பிட்டு ஆராய்ந்தார். பிறக்கும்போது பெரிய மூளையோடு பிறப்பவை கோழி, வாத்து முதலியனவே. ஆனால் அதன்பின் அம்மூளை சில மடங்கே வளர்கின்றது. காகமும் கிளியும் பிறக்கும்போது மிகச் சிறிய, முற்றுப்பெறாத மூளையோடு பிறக்கின்றன. பின்னர் அது பன்மடங்கு பெருகி, முடிவில் உடற் பருமனுக்கு ஒப்ப நோக்குமிடத்துக் கோழியினத்தின் மூளையைப் பெரிதும் விஞ்சி நிற்கின்றது. முந்திப் பிறந்த முதிர்ச்சி முடிவில் குறைந்த மூளையாகவும், பிந்திவந்த முதிர்ச்சி நிறைந்த மூளையாகவும் முடிகின்றன. 2016இல் வெளியான ஓர் ஆய்வு, கிளிகளினதும் பாடும் பறவைகளினதும் மூளையில் நரம்புக்கலங்கள் மிக நெருக்கமாகச் செறிந்திருப்பதனைக் கணக்கிட்டுக் காட்டிற்று. சில காக்கையினங்களின் முன்மூளையிலுள்ள நரம்புக்கலங்கள், அவற்றினும் பெரிய மூளையுடைய குரங்குகளின் எண்ணிக்கையோடு ஒப்பிடத்தக்கனவாயுள்ளன.

மூளை பெருஞ் சக்தியை வேண்டும் உறுப்பு. அதனைக் கட்டியெழுப்பும் காலத்தில் அதற்கான செலவைக் குஞ்சு தானே தேடிக்கொள்ள முடியாது. 2023இல் கிறீசர் முதலான ஆய்வாளர்கள் ஆயிரத்துக்கு மேற்பட்ட பறவையினங்களை ஒப்பிட்டு, பெற்றோர் ஊட்டும் உணவின் அளவே பறவை மூளையின் பருமனை நிருணயிப்பதிற் பெரும்பங்கு வகிக்கின்றது என்னும் முடிவை வெளியிட்டனர். நியூகலிடோனியாத் தீவின் காகம் இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. அது தாழை இலையின் ஓரத்தைக் கத்தரித்துக் கருவி செய்து, மரப்பொந்துகளிலுள்ள புழுக்களை இழுத்தெடுக்கின்றது. அதன் இளம் பறவைகள் கூட்டை விட்ட பின்னரும் மாதக்கணக்காகப் பெற்றோரோடு திரிந்து உணவு பெறுகின்றன. பெற்றோர் எறிந்த கருவிகளை எடுத்துப் பழகுகின்றன. தாமும் இலையைக் கிழித்துப் பலமுறை தோல்வியடைகின்றன. அத்தோல்விகளால் அவை பட்டினி கிடப்பதில்லை. காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்னும் பழமொழி ஏளனமாகச் சொல்லப்படினும், காகக் குஞ்சின் அறிவுக்கு அப்பொன் மதிப்பே அடித்தளம் என்பதை இவ்வாய்வுகள் உணர்த்துகின்றன.

பேணப்படும் உடல் மட்டுமன்றிப் பேணும் உடலும் மாறியுள்ளது. அடைகாக்கும் காலத்திற் பல பறவைகளின் வயிற்றுத் தூவிகள் உதிர்ந்து, குருதிக் குழாய்கள் பெருகிய வெற்றுத்தோல் முட்டையைத் தொட்டு வெப்பமூட்டுகின்றது. புறாக்களில் ஆணும் பெண்ணும் கண்டப்பையின் உட்படலத்திலிருந்து பாலைச் சுரக்கின்றன. இச்சுரப்பைத் தூண்டும் ஓமோனுக்கு ஒஸ்கார் றிடில் என்பவரும் அவருடன் உழைத்தோரும் 1933இற் புரோலற்றின் எனப் பெயரிட்டனர். முலையூட்டித் தாயின் பாற்சுரப்பையும் அதே ஓமோன் தூண்டுகின்றது. வரண்ட வலயக் காடுகளில் வாழும் இருவாய்ச்சியின் பெண்பறவை மரப்பொந்தினுள் புகுந்து வாயிலைப் பூசி அடைத்துக்கொண்டு, தன் பறத்தற் சிறகுகளையும் உதிர்த்து விடுகின்றது. அக்காலம் முழுவதும் அதன் உயிர் ஆண்பறவையின் அலகில் இருக்கின்றது. நீளவால் இலைக்கோழியிலோ அடைகாப்பதும் குஞ்சைப் பேணுவதும் ஆணின் கடமை. பெண் அதனினும் பெரியது, பல ஆண்களுக்கு முட்டையிட்டுக் கொடுப்பது. ஆபிரிக்க இலைக்கோழியின் ஆண்பறவை தன் குஞ்சுகளைச் சிறகின் கீழ் இடுக்கிச் சுமந்து செல்கின்றது. அதன் முன்கை எலும்புகளுள் ஒன்று தட்டையாக அகன்றிருத்தல் இதற்குத் துணைபுரிவதாகக் கருதப்படுகின்றது.

பேணுதல் தாயின் இயற்கை என்றும், தேடுதல் தந்தையின் இயற்கை என்றும் பறவைகளை மேற்கோள் காட்டிப் பேசுவோருக்கு இச்சான்றுகள் இடந்தருவதில்லை. 2006இல் வெளியான கணிப்பொன்றின்படி, பறவையினங்களுள் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கில் இரு பெற்றோரும் சேர்ந்தே குஞ்சுகளைப் பேணுகின்றன.

இப்பேணுதலின் தொன்மையையும் உயிர்ச்சுவடுகள் எடுத்துரைக்கின்றன. 1923இல் மொங்கோலியாவின் கோபிப் பாலைவனத்தில் அமெரிக்க இயற்கை வரலாற்று நூதனசாலையின் குழுவினர் முட்டைக் குவியலொன்றையும் அதன் மேற்கிடந்த சிறு டைனோசர் ஒன்றின் எலும்புகளையும் கண்டெடுத்தனர். முட்டைகள் வேறோர் இனத்துக்குரியவை எனக் கருதப்பட்டமையால், திருட வந்த இடத்தில் இறந்தது என்று முடிவு செய்து, 1924இல் அவ்விலங்குக்கு முட்டைத் திருடன் எனப் பொருள்படும் பெயர் சூட்டப்பட்டது. எழுபது ஆண்டுகள் கழிந்த பின்னர் அதே வகை முட்டையொன்றினுள் அவ்வினக் குடும்பத்தின் முளையமே கண்டறியப்பட்டது. 1995இல், முட்டைகளின் மேல் முன்னங்கால்களை விரித்து அமர்ந்தபடியே மணலில் மூடுண்டு இறந்த இன்னொன்றின் சுவடு விவரிக்கப்பட்டது. திருடனெனப் பழி சுமந்தது, தன் முட்டைகளைக் காத்துக் கிடந்த விலங்கின் இனம். ஆயினும் பெயரீட்டு விதிகளின்படி முதலிற் சூட்டிய பெயரே இன்றும் வழங்குகின்றது.

ஆகவே அடைகாத்தல் பறவைகளுக்கு முற்பட்டது. ஆனால் ஊட்டி வளர்த்தல் பிற்பட்டது எனத் தோன்றுகின்றது. சீனாவிற் கிடைத்து 2004இல் விவரிக்கப்பட்ட, ஏறத்தாழ 121 மில்லியன் ஆண்டுப் பழமையுடைய பறவை முளையமொன்று, பொரிக்கு முன்னரே தூவியும் நன்கமைந்த எலும்புகளும் கொண்டிருந்தது. ஆதிப் பறவைகளின் குஞ்சுகள் கூட்டை விட்டோடுவனவாகவே இருந்தன. உதவியற்ற குஞ்சு பழைமையின் எச்சமன்று. பின்னர் தோன்றிய புதுமையே அது. இன்றுள்ள ஏறத்தாழ 11,000 பறவையினங்களுள் பாதிக்கு மேற்பட்டவை சிட்டு, காகம், மைனா முதலியன அடங்கும் ஒரே வரிசையைச் சேர்ந்தவை. அவற்றின் குஞ்சுகள் அனைத்தும் கண் மூடிப் பிறப்பனவே.

இவ்விளக்கத்துக்கு மறுப்புகள் இல்லாமலில்லை. குயில் முட்டையைக் காகத்தின் கூட்டில் இட்டுவிட்டு நீங்குகின்றது. பேணுதலைத் துறந்த குயிலினங்களின் மூளை, தம் குஞ்சைத் தாமே வளர்க்கும் குயிலினங்களின் மூளையினும் சிறியது. பேணாமையால் மூளை சிறுத்தது என உடனே முடிவு கட்டலாம். ஆனால் 2008இல் வெளியான ஆய்வொன்று, மூளை சிறுத்தமை முந்தியது, கூடு கட்டாமை பிந்தியது எனக் கருத இடந்தந்தது. இரண்டு பண்புகள் சேர்ந்து காணப்படுதலாலேயே ஒன்று மற்றொன்றின் காரணமாகிவிடாது என்பதனை இது நினைவூட்டுகின்றது. மேலும், குஞ்சின் உடல் முதிர்ந்த உடலுக்கான ஆயத்தம் மட்டுமன்று. அது தன்னளவிலும் ஓர் உடல். ஐரோப்பியக் குயிற்குஞ்சின் முதுகில் ஒரு குழிவு உண்டு. அதில் ஏற்றி மற்றைய முட்டைகளைக் கூட்டுக்கு வெளியே தள்ளுகின்றது. ஏறத்தாழ பன்னிரண்டு நாட்களில் அக்குழிவு தூர்ந்துவிடும். இதனை 1788இல் விவரித்தவர், பின்னாளில் அம்மைப்பால் குத்தும் முறையைக் கண்ட எட்வேட் ஜென்னரே.

இனி, உதவியற்ற இளமையின் இழப்புகளையும் மறைத்தலாகாது. ஒக்ஸ்போட் பல்கலைக்கழக நூதனசாலைக் கோபுரத்தில் உழவாரன்களை ஆண்டுக்கணக்காக அவதானித்த டேவிட் லாக், மழையும் குளிரும் நீடித்த காலங்களில் குஞ்சுகள் உடல் குளிர்ந்து, வளர்ச்சி நின்று, நாட்கணக்கில் உணவின்றிக் கிடந்ததை 1956இல் எழுதிய நூலில் விவரித்தார். அவற்றுட் பல மீண்டன; சில மடிந்தன. உண்ணிக்கொக்கின் கூட்டில் முட்டைகள் நாள் இடைவெளியிற் பொரிக்கின்றன. கடைசியாகப் பிறந்தது மூத்தவற்றின் குத்துக்கு இலக்காகிப் பெரும்பாலும் பட்டினியால் இறக்கின்றது. பெற்றோர் தடுப்பதில்லை. கூடு எப்போதும் அன்பின் உறைவிடமாக இருப்பதில்லை. இயற்கையிலிருந்து அறநூலைப் பெயர்த்தெழுத முற்படுவோர் இதனையும் சேர்த்தே எழுத வேண்டியிருக்கும்.

எனினும் இயற்கையின் பெயராற் கூறப்படும் ஒரு பொய்யை மறுப்பதற்கு இச்சான்றுகள் போதியன. தக்கன பிழைத்தல் என்னும் தொடரை 1864இல் ஹேர்பேட் ஸ்பென்சர் உருவாக்கினார். 1869இல் டார்வினும் தம் நூலின் ஐந்தாம் பதிப்பில் அதனை ஏற்றுக்கொண்டார். அன்று முதல் தக்கது என்பது வல்லது என்றும், வல்லது என்பது பிறரை நம்பாதது என்றும் பொருள் திரிந்து, நலிந்தோரைக் கைவிடுவதற்குரிய நியாயமாகப் பல நாடுகளில் எடுத்தாளப்பட்டது. முதல் நாளிலேயே எவரையும் நம்பாது நிற்பதுதான் தகுதியாயின், உலகின் காடுகளை மண்மேட்டுக்கோழிகளே நிறைத்திருக்கும். மண்மேட்டுக்கோழி தாழ்ந்ததன்று, அது தன் நிலத்துக்கு ஏற்ற வழியில் வாழ்கின்றது. ஆனால் உழவாரனின் சிறகும், பூநாரையின் அலகும், காகத்தின் மூளையும் அவ்வழியில் வந்தவையல்ல. அவை ஒவ்வொன்றுக்கும் முன்னால், எதுவும் செய்ய இயலாத ஒரு பருவம் இருந்தது. அப்பருவத்தை இன்னோர் உயிர் தாங்கிற்று.

போர்ட்மன் தம் ஒப்பீட்டை மனிதன் வரை நீட்டினார். மனிதக் குழந்தை திறந்த கண்ணோடு பிறப்பினும், நடக்கவும் பேசவும் இயலாததாய், கருப்பையில் கழிக்க வேண்டிய காலத்தின் ஒரு பகுதியைத் தாயின் மடியிற் கழிக்கின்றது என்றார். பிறக்கும்போது அதன் மூளை வளர்ந்தோர் மூளையின் மூன்றிலொரு பங்கினும் சிறியது. எஞ்சியது வீட்டிலும் தெருவிலும் மொழியிலும் வளர்கின்றது. கற்கும் இளைஞனைப் பார்த்து, இன்னும் உழைக்கவில்லையே எனக் கேட்கும் சமூகம், காடைக்குஞ்சின் அளவுகோலைக் கையிலேந்தி நிற்கின்றது. அதே சமூகம் தன் குழந்தைகளைப் பட்டினிக்கும் போருக்கும் முன்னதாகவே முதிர வைக்குமாயின், எவ்வளவு வளர்ச்சி அங்கே நின்றுபோயிற்று என்பதனை அளப்பதற்கு அளவுகோல் எதுவும் இல்லை. குஞ்சைத் தாங்குவதற்குச் செலவாகும் உணவு இழப்பாகக் கணிக்கப்பட வேண்டியதன்று. வானிற் பறக்கும் பறவையின் உடல் அவ்வுணவினாலேயே ஆனது.